தோட்டத்துக்குப் போட வெயில் தொப்பி: அம்மா கழற்றி வைக்காத மாதிரி ஒன்று வேண்டும்

கிணற்றடி:

வணக்கம். மட்டக்களப்பு களுதாவளையில் எங்கள் வளவுக்குப் பின்னால் அம்மா மிளகாய், கத்தரி, ஒரு பாகற்பந்தல், கொஞ்சம் வெற்றிலைக் கொடி என்று வைத்திருக்கிறா. காலையில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை ஏறமாட்டா. தலையில் சேலைத் தலைப்பு, இல்லாவிட்டால் நனைத்த துவாய். குனிந்தால் துவாய் சரியும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் களை பிடுங்குவா. இப்போது கண் மூலையில் சதை வளரத் தொடங்கியிருக்கிறது, வெயிலுக்குள் நிற்பதானால் கண்ணுக்கு நிழல் வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி கட்டாரில் இருந்து அனுப்பிய கேப் காதையும் பிடரியையும் மூடவில்லை. டவுனில் ஒரு கடையில் எடுத்த புல் தொப்பி நெற்றியில் அரிக்கிறது, குனிந்தால் கண்ணை மறைக்கிறது, காற்று வந்தால் பறக்கிறது. அது இப்போது அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஆனால் அம்மா கழற்றாமல் போட வேண்டும். கொண்டை போடுகிறவ. என்னென்ன பார்த்து எடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டைவிதானை:

தங்கச்சி, முதலில் கயிற்றைப் பாருங்கள். வைகாசியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் ஆவணி வரை விடாது, கயிறு இல்லாத தொப்பி எவ்வளவு நல்லதென்றாலும் அந்தக் காற்றில் நிற்காது. கயிறு எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். சிலது விளிம்பில் துளை போட்டுக் கோத்திருக்கும். காற்று விளிம்பைத் தூக்கும்போது கயிறும் சேர்ந்து இழுபட்டுத் தாடையை அறுக்கும். தலை நுழைகிற வளையத்தின் உள்பக்கம், இரண்டு காதுக்கும் நேரே தைத்திருக்க வேண்டும். நைலோன் கயிறு வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் தழும்பு போடும். விரல் அகலப் பருத்தி நாடா நல்லது.

கொண்டை போடுகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டாமல் பின்னால் கொண்டைக்குக் கீழே கட்டலாம். கொண்டை ஆணி மாதிரி பிடித்துக்கொள்ளும், தாடையில் வேர்க்கவும் வேர்க்காது. என் வீட்டில் அப்படித்தான் கட்டுகிறா.

மண்வெட்டி:

துவாயே போதாதா? வெள்ளாமைக்காரர் எல்லாரும் தலையில் துவாய் கட்டித்தானே காலம் காலமாக வயல் வட்டையில் நின்றார்கள்.

வட்டைவிதானை:

நானும் வட்டையில் துவாய்தான் கட்டுகிறேன் தம்பி, அது உச்சந்தலைக்கு நல்லது, வியர்வையையும் குடிக்கும். ஆனால் கண்ணுக்கு மேலே ஒரு விரல் நிழல்கூடத் தராது. எங்கள் பக்கம் வயதான வெள்ளாமைக்காரரின் கண்ணைப் பாருங்கள், மூக்குப் பக்க மூலையில் அந்தச் சதை எத்தனை பேருக்கு வளர்ந்திருக்கிறது. இந்த அம்மாவுக்குத் தேவை கண்ணுக்கு நிழல். அதைத் துவாய் தராது.

ஊசிநூல்:

நான் ஆரையம்பதியில் தைக்கிறவள், தொப்பியும் தைத்துக் கொடுப்பேன். நெற்றி அரிப்பு, கண் மறைப்பு இரண்டுமே பெரும்பாலும் அளவு பிழைத்ததால் வருவது. கடைகளில் பெண்களுக்கான தொப்பியைப் பெரும்பாலும் ஒரே அளவில்தான் விற்கிறார்கள். அளவு நாடாவை எடுத்து, புருவத்துக்கும் காதுக்கும் ஒரு சென்றிமீற்றர் மேலே, பின்னால் தலை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். நாடாவுக்குள் ஒரு விரல் போகும் தளர்ச்சி வேண்டும். இறுக்கமாக இருந்தால் தலையிடி வரும், தளர்ந்தால் குனியும்போது முன்னுக்கு வழுக்கிக் கண்ணை மறைக்கும். அம்மா எப்படி வேலை செய்வாவோ அப்படியே அளக்க வேண்டும், கொண்டையோடு, எண்ணெய் வைத்த தலையோடு.

அடுத்தது விளிம்பு. அவுஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் அதிகம் என்பதால் அங்கே புற்றுநோய்ச் சபை இதற்கெல்லாம் அளவு வைத்திருக்கிறது: பெரியவர்களுக்கு அகல விளிம்பு என்றால் குறைந்தது 7.5 சென்றிமீற்றர், சுற்றிவர. முன்னால் மட்டும் நீண்ட கேப்பை அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் தோட்ட வேலைக்கு 7.5இல் இருந்து 9 வரை எடுங்கள். அதற்கு மேல் போனால் குந்தி இருந்து களை பிடுங்கும்போது பின்விளிம்பு முதுகில் இடித்துத் தொப்பியை முன்னுக்குத் தள்ளும், பாகற்பந்தலுக்குள் நுழைந்தால் கொடியில் மாட்டும். கடற்கரைக்கு என்று விற்கிற குடை அகலத் தொப்பி படம் எடுக்க நல்லது, மண்ணோடு வேலை செய்ய ஆகாது.

மூன்றாவது, வெளிப்பக்கம் வெளிர் நிறம், விளிம்பின் அடிப்பக்கம் கடும் நிறம். இதை யாரும் பார்ப்பதில்லை.

மண்வெட்டி:

அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் சூடு ஏறாதா அக்கா?

வெள்ளைக்கட்டி:

ஏறாது. நேர் வெயில் மேல்பக்கத்தில்தான் விழும், அது வெளிராக இருந்தால் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அடிப்பக்கத்துக்கு வருவது தரையில் பட்டு மேலே தெறிக்கிற வெளிச்சம் மட்டும். அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் அது மீண்டும் முகத்திலேயே விழும், கடும் நிறம் அதை உறிஞ்சிக்கொள்ளும். களுதாவளை, செட்டிபாளையம் பக்கமெல்லாம் மணல் தரை. காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, புல் தரை 10 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் எழுவான்கரை (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை) மணலில் நிற்கிறவருக்கு வரும் கதிர் வயல்வரப்பில் நிற்கிறவருக்கு வருவதை விடக் கூட.

விளிம்பு பற்றி இன்னொன்று. மட்டக்களப்பு பூமத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி ஒரு தடவை, செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு தடவை, சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அந்த நாட்களில் நண்பகலில் நிழல் காலடியில் கிடக்கும், அப்போது சின்ன விளிம்பே முகத்தை மூடிவிடும். ஆனால் இந்த அம்மா தோட்டத்தில் நிற்பது காலை வெயிலில். 8, 9 மணிக்கு வெயில் சரிவாகக் கன்னத்திலும் கண்ணிலும் அடிக்கும், அதுவும் கடல் பக்கம் இருந்து. தட்டையாக நிற்கும் விளிம்பு கொஞ்சம் அகலமாக இருந்தாலும் அந்த வெயில் அடியால் நுழைந்துவிடும். கீழ்நோக்கிச் சரிந்த விளிம்புதான் அதைத் தடுக்கும். ஆகவே அகலத்தை விடச் சரிவைப் பார்த்து எடுங்கள் என்பது என் எண்ணம்.

இன்னும் ஒன்று, காற்று குளிராக அடிக்கிறது, மேகம் போட்டிருக்கிறது என்று தொப்பியைக் கழற்றுவார்கள். சூடு வேறு, புற ஊதா வேறு. மெல்லிய மேகத்துக்குள்ளால் புற ஊதாவில் 80 சதவீதம் வரை கீழே வரலாம். புற ஊதாச் சுட்டெண் 3 என்றாலே பாதுகாப்பு வேண்டும் என்பது கணக்கு, 11க்கு மேல் மிக மோசம். இங்கே பங்குனி, சித்திரையில் வானம் வெளித்த நாளில் நண்பகலில் 11ஐத் தாண்டும்.

நிந்தவூர் ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்கார்ஃப் போடுகிறவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டுமே, எங்கள் பக்கம் வீட்டுத் தோட்டம் செய்கிற பெண்கள் நிறையப் பேர். ஸ்கார்ஃபுக்கு மேலே தொப்பி போடுவதானால் ஸ்கார்ஃப் கட்டிய பிறகு அளக்க வேண்டும், ஒரு அளவு கூடத்தான் வரும். காதும் பிடரியும் ஏற்கெனவே மூடி இருப்பதால் பின்பக்கம் துணி தொங்குகிற தொப்பி எங்களுக்குத் தேவையில்லை, அது சூட்டைத்தான் கூட்டும். வழுவழுப்பான துணியில் கட்டினால் தொப்பி நிற்காமல் சுற்றும். மெல்லிய பருத்தி ஸ்கார்ஃப் கட்டினால் வழுக்காது, வியர்வையையும் உறிஞ்சும். எங்கள் மாமி தொப்பியின் உள்வளையத்தில் இரண்டு சின்னப் பட்டி தைத்து ஸ்கார்ஃபோடு ஊசி குத்திக்கொள்வா, கயிறே வேண்டாம்.

கிணற்றடி, உங்கள் உம்மா சேலைத் தலைப்பைப் போட்டுத்தான் பழக்கம் என்றால், மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டி அதற்கு மேலே தொப்பி போடச் சொல்லிப் பாருங்கள். நெற்றி அரிப்பு நின்றுவிடும்.

படுவான்கரையான்:

எல்லாரும் துணித் தொப்பி பக்கம் போகிறீர்கள், பனையோலைத் தொப்பியை ஏன் யாரும் சொல்லவில்லை? எங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓலை இழைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெட்டி இழைக்கிற கைக்குத் தொப்பி பெரிய வேலையில்லை. ஓலை விறைப்பாக நிற்கும், தலையில் ஒட்டாது, தலைக்கும் தொப்பிக்கும் இடையில் காற்று ஓடும். தலை வெந்து போவது வெயிலால் மட்டுமல்ல, ஆவி வெளியே போக வழியில்லாமல் தொப்பிக்குள்ளே ஈரம் தேங்குவதால்தான். வியர்வை காய்ந்தால்தான் குளிரும். அதற்கு உச்சிக்கு மேலே ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும். புல், ஓலைத் தொப்பிகளில் அது தானாகவே அமையும்.

ஆனால் இழை நெருக்கமாக இருக்க வேண்டும். தொப்பியை வெயிலில் பிடித்து நிலத்தில் விழும் நிழலைப் பாருங்கள். நிழல் முழுக்கக் கறுப்பாக இருந்தால் நல்லது. சல்லடை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தால் அந்தப் புள்ளியெல்லாம் முகத்திலும் விழும். கடையில் நின்று வாங்கும்போதே வாசலுக்கு வந்து இதைப் பாருங்கள்.

புல் தொப்பி என்று மலிவாக விற்கிறவற்றில் பல, காகிதத்தை நூலாக முறுக்கிச் செய்தவை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உள்பக்கம் ஒரு மூலையை ஈர விரலால் அழுத்தித் தேயுங்கள், காகிதம் என்றால் மென்மையாகி நார் பிரியும். தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீரும் வியர்வையும் பட்டால் அது ஒரு போகம் தாங்காது. ஓலைத் தொப்பி நனைந்தாலும் நிழலில் காயவிட்டால் பழையபடி வரும், வெயிலில் காயப்போட்டால்தான் வெடிக்கும். நெற்றி படும் இடத்தில் மட்டும் உள்ளே ஒரு பருத்திப் பட்டி தைத்துவிடுங்கள்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கி இவ்வளவு காலம் ஆகிறது. ஓலைக் கைப்பணி என்றால் பெட்டியும் கைப்பையும்தான் முன்னுக்கு வருகிறது. வயல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் அளவெடுத்து இழைத்த தொப்பி ஏன் சந்தைக்கு வரக்கூடாது என்று எனக்கு எப்போதும் மனவருத்தம் உண்டு. எங்கள் வெயிலுக்கு எங்கள் மரத்தின் ஓலை.

ஊசிநூல்:

ஓலை நல்லதுதான் அண்ணன், நான் மறுக்கவில்லை. ஆனால் பந்தலுக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு விறைத்த விளிம்பு தொல்லை. துணி விளிம்பு முட்டினால் மடிந்து கொடுக்கும், பிறகு நிமிரும். சைக்கிளில் போகும்போது சுருட்டிப் பைக்குள் வைக்கலாம், ஹெல்மட் போடுகிறவர்களுக்கும் அது வசதி. மிளகாய்ப் பாத்தி, வெங்காயப் பாத்தி என்று திறந்த வெளி மட்டும் என்றால் ஓலையே போடட்டும்.

துணியென்றால் ஒற்றைத் துணி போதாது. வெள்ளைப் பருத்தி டி-சேர்ட்டின் புற ஊதாத் தடுப்பு எண் (யூபிஎஃப்) காய்ந்திருக்கும்போது சுமார் 7, நனைந்தால் 3 ஆகிவிடும். அம்மா துவாயை நனைத்துப் போடுகிறவ என்று எழுதியிருக்கிறீர்கள், தொப்பியையும் நனைப்பா. அதனால் நெருக்கமாக நெய்த பருத்தி இரண்டு மடிப்பு, நடுவில் விறைப்புக்கு ஒரு கன்வஸ். வெளிநாட்டுத் தொப்பிகளில் யூபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டும்தான் உள்ளே வரும் என்று அர்த்தம். அது துணிக்குத்தான். விளிம்பு சின்னதாக இருந்தால் அந்த எண்ணால் பிரயோசனம் இல்லை. மருதமுனைக் கைத்தறியில் நெருக்கமான நெசவும் இருக்கிறது, ஐதான நெசவும் இருக்கிறது, மேலே சொன்ன நிழல் பார்வையைத் துணிக்கடையிலும் பார்க்கலாம்.

மண்வெட்டி:

நனைத்துப் போடுவது நல்லதா கூடாதா?

வெள்ளைக்கட்டி:

கச்சான் காலத்தில் நல்லது. காற்று காய்ந்து அடிப்பதால் தண்ணீர் விரைவாக ஆவியாகித் தலையைக் குளிர்விக்கும். மாரி தொடங்கிக் காற்றில் ஈரம் கூடினால் காயாது, தலையில் பாரமும் நமைச்சலும்தான் மிஞ்சும்.

பழைய போதனாசிரியர்:

விவசாயத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த உரையாடலில் யாரும் தொடாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மருந்தடிக்கும்போது இந்தத் தொப்பியைப் போடக் கூடாது. துணி, ஓலை, தோல் மூன்றுமே பூச்சிமருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். அடுத்த நாள் வெயிலில் வேர்க்கும்போது நெற்றிப் பட்டியில் ஊறியிருப்பது தோலுக்குள் இறங்கும். நெற்றியும் உச்சந்தலையும் முன்கைத் தோலை விட விரைவாக மருந்தை உள்ளே எடுக்கும். மருந்துக்கென்று கழுவக்கூடிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்று தனியாக வையுங்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவி மற்ற உடுப்போடு சேராமல் தொங்கவிடுங்கள். மிளகாய் செய்கிறவர்கள் அடிக்கடி மருந்தடிப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். வெயிலுக்கு வாங்கிய ஒரே தொப்பியை எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டு நிற்பவர்களை வாகரையில் இருந்து பொத்துவில் வரை பார்த்திருக்கிறேன், மனம் பதறும்.

பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கும்போது காற்றில் வந்து பட்டாலும் தொப்பியைக் கழற்றிக் கழுவிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

கண்ணாடிக் கடை:

கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தச் சதை வளர்வதற்குப் புற ஊதாவும் தூசியும் காய்ந்த காற்றும் காரணம், மூன்றும் நம் கரையில் தாராளம். நல்ல விளிம்பு மேலிருந்து வருவதைக் குறைக்கும், ஆனால் மணலில் இருந்து மேலே தெறிப்பதையும் பக்கத்தால் வருவதையும் முழுக்கத் தடுக்காது. தொப்பியோடு, பக்கவாட்டு மூடிய, புற ஊதாத் தடுப்புள்ள கண்ணாடி ஒன்றும் அம்மாவுக்கு வேண்டும். கறுப்புக் கூடக்கூட நல்லது என்று நினைக்காதீர்கள், தடுப்புப் பூச்சு இல்லாத கறுப்புக் கண்ணாடி கண்ணின் மணியை விரிய வைத்துக் கூடுதலாக உள்ளே விடும். நிறம் குறைந்ததே போதும், தடுப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தொப்பி வாங்கும்போது கண்ணாடியையும் போட்டுப் பாருங்கள், சில தொப்பிகள் காதுக்கு மேலே கண்ணாடிக் காலை அமத்தும்.

நிந்தவூர் ராத்தா:

கண்ணாடிக்காரர் சொல்வது மெய்தான். ஸ்கார்ஃபுக்கு உள்ளே கண்ணாடிக் கால், வெளியே தொப்பி என்றால் அமத்தாது.

கிணற்றடி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விசயம் இருக்கிறது என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓலைத் தொப்பியைக் கேட்டதும் முகம் மலர்ந்தது, அவவுடைய அம்மா இழைப்பாவாம். ஆனால் பந்தலுக்குள் அதிக நேரம் நிற்பதால் துணியே சரி என்று அவவே சொன்னா. கொண்டைக்குக் கீழே நாடா கட்டுவதைத் துவாயை வைத்துக் கட்டிப் பார்த்தா, குனிந்தும் சரியவில்லை. மருந்துக்குத் தனியாகப் பிளாஸ்டிக் தொப்பி நாளைக்கே எடுக்கிறேன் சேர்.

ஊசிநூல் அக்கா, தைக்க மெசின் இருக்கிறது. சரிந்த விளிம்புக்கு எப்படி வெட்டுவது? அம்மாவின் தலை, கொண்டையோடும் மெல்லிய துணியோடும் அளந்தது, 56 சென்றிமீற்றர். அடிப்பக்கத்துக்குக் கறுப்பு வேண்டாம், நீலம் என்கிறா. அடிக்கடி கழுவலாமா?

ஊசிநூல்:

கடும் நீலம் தாராளமாகப் போதும் தங்கச்சி.

56க்கு விரல் தளர்ச்சியோடு 57.5 என்று வையுங்கள். தட்டை விளிம்பு என்றால் அந்தச் சுற்றளவுக்கே வட்டம் போட்டு வெட்டலாம், உங்களுக்குச் சரிவு வேண்டும் என்பதால் வட்டத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு துண்டை எடுத்துவிட வேண்டும். காகிதத்தில் 10 சென்றிமீற்றர் ஆரையில் உள்வட்டம், அதே நடுப்புள்ளியில் 18 ஆரையில் வெளிவட்டம் கீறுங்கள், விளிம்பு 8 சென்றிமீற்றர் வரும். பாகைமானியால் நடுவில் இருந்து 30 பாகைக்கு ஒரு துண்டைக் குறித்து எடுத்துவிட்டால் மிஞ்சுகிற உள்வட்டம் ஏறத்தாழ 57.5 தான். வெட்டிய இரண்டு ஓரத்தையும் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள், விளிம்பு தானாகக் கீழே சரியும். துணியில் வெட்டும்போது எல்லாப் பக்கமும் ஒரு சென்றிமீற்றர் தையலுக்கு விட மறக்க வேண்டாம், அந்த இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து. வெளிர் துணி ஒன்று, நீலம் ஒன்று, கன்வஸ் ஒன்று, மூன்றையும் சேர்த்து விரல் அகலத்துக்கு ஒரு வரியாகச் சுற்றிச் சுற்றித் தையல் ஓடவிடுங்கள். அந்தத் தையல் வரிகள்தான் கச்சானில் விளிம்பு மேலே மடியாமல் பிடிக்கும்.

தலைப்பகுதிக்கு 57.5 நீளத்தில் 10 உயரப் பட்டி, மேலே 9.2 ஆரையில் ஒரு வட்டம். போட்டுப் பார்க்கும்போது உச்சியில் விரல் இடைவெளி இல்லாவிட்டால் பட்டியின் உயரத்தை ஒரு சென்றிமீற்றர் கூட்டுங்கள். பட்டியின் மேல் ஓரத்தில் இரண்டு பக்கமும் காற்றுத் துளை இரண்டிரண்டு, சட்டைத் துளை தைப்பது போல நூலால் கட்டினால் போதும், இரும்பு வளையம் துருப்பிடிக்கும்.

கழுவுவதைப் பற்றி. நெற்றிப் பட்டியைத் துவாய்த் துணியில் தனியாக இரண்டு தைத்து, நான்கு இடத்தில் அழுத்துப் பொத்தான் வையுங்கள். அதைத் தினமும் மாற்றிக் கழுவலாம், தொப்பி முழுவதையும் கிழமைக்கு ஒருமுறை அலசினால் போதும். வெளுப்பு மருந்து போடாதீர்கள், துணி நைந்துவிடும். ஒரு குடத்தைக் கவிழ்த்து அதன் மேலே வைத்து நிழலில் காயவிட்டால் வடிவம் குலையாது. மாரியில் சுவர் ஓரமாகத் தொங்கவிட்டால் பூசணம் பிடிக்கும், அடுப்படிப் பக்கம் காற்றுப் படும் இடமாகப் பாருங்கள்.

நாடாவை விளிம்பு தைத்த பிறகு வைக்க முடியாது, தலைப்பட்டியையும் விளிம்பையும் சேர்க்கும் தையலுக்குள்ளேயே காதுக்கு நேரே வைத்து இரட்டைத் தையல் போட்டுவிடுங்கள். நீளம் ஒரு பக்கம் 45 விடுங்கள், கொண்டைக்குக் கீழே முடிச்சுப் போட அது வேண்டும்.